தையல் போட்ட வயிறும் ஆர்னிகா உருண்டையும்

கேள்வி: எங்கள் வீட்டு ரோஸி பொமரேனியன், 11 வயது. கர்ப்பப்பையில் சீழ் கட்டி, 4 நாளுக்கு முன் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வலிக்கு மெலாக்ஸிகாம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். “இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும், அதை நிறுத்திவிட்டு ஹோமியோபதியில் ஆர்னிகா 30 கொடு” என்கிறார் என் நாத்தனார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் நாத்தனாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. தீர்வுதான் சரியில்லை.

மெலாக்ஸிகாம் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. வயதான நாய், அதிலும் சீழ் கட்டியிருந்த நாய் என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம். ஆகவே டாக்டரிடம் “கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு அது; கூடியிருந்தால் அவரே மருந்தை மாற்றுவார். மருந்தைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டைத் தொடாமை, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

இனி ஆர்னிகா. 30 என்றால், ஒரு பங்கை நூறில் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறில் கலந்து, இப்படியே 30 முறை. 12 முறை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க அநேகமாக வாய்ப்பில்லை. நாலு உருண்டை தின்றதால் ரோஸிக்குக் கெடுதல் வராது, அது சர்க்கரைதான். சாராயத்தில் கரைத்த சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். ஆனால் ஆர்னிகா கொடுத்த பிறகு வீக்கம் வடிந்தது என்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: கொடுக்காவிட்டாலும் நாலைந்து நாளில் அது வடிந்திருக்காதா?

உருண்டையைவிட, அதை நம்பி வலி மருந்தை நிறுத்துவதுதான் எனக்குக் கவலை. நாய் வலியில் கத்தும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கத்தாது. இன்று இரவு ரோஸி படுப்பதைக் கவனித்துப் பாருங்கள். உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறதா? பாதி படுத்து, சட்டென்று எழுந்து இடம் மாறுகிறதா? வெயில் இல்லாதபோதும் இரைக்கிறதா? வயிற்றுப் பக்கம் கை போனால் உடம்பு விறைக்கிறதா? இருந்தால் வலி அடங்கவில்லை. வலியோடு கிடக்கும் கிழ நாய் சாப்பிடாது, நடக்காது. புண் ஆறுவதும் தாமதமாகும்.

ஈறு வெளிறுவது, தையலில் நீரோ சீழோ கசிவது, காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, இதெல்லாம் காத்திருக்கும் விஷயம் அல்ல. அன்றே கூட்டிப்போங்கள்.

அப்புறம், வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம். கழுத்தில் மாட்டிய கூம்பை, தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, கழற்ற வேண்டாம். எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் சரி.