கேட்டதும் சொன்னதும்: சுண்டுவிரல் நகமும் நிலாவும்

கேள்வி: பௌர்ணமியன்று உதிக்கும்போது தாம்பாளம் போல இருக்கிற நிலா, ராத்திரி பத்து மணிக்கு அப்பளமாகிவிடுகிறதே. பக்கத்தில் வந்துவிட்டு விலகிப் போகிறதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நடப்பது நேர் எதிர். அடிவானத்தில் இருக்கும்போதுதான் நிலா நமக்குக் கொஞ்சம் அதிக தூரம். உச்சிக்கு வரும்போது பூமி உருண்டையின் பாதி, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர் குறைந்துவிடுகிறது. சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கு இது பெரிய சலுகை இல்லைதான். ஆனாலும் கணக்குப்படி உச்சி நிலாதான் துளி பெரிசு.

பெருக்கிக் காட்டுவது நம் மூளை. ஏன் என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மரமும் வீடும் பக்கத்தில் இருப்பதால் என்பார்கள். வெறும் கடலில் எழும் நிலாவும் பெரிதாகத்தானே தெரிகிறது?

என் பேரனுக்கும் இதே சந்தேகம். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரல் நகத்தால் நிலாவை மறைக்கச் சொன்னேன். உதித்தபோதும் மறைந்தது, பத்து மணிக்கும் மறைந்தது. இரண்டு தடவையும் ஓரத்தில் நகம் மிச்சம். “அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா தாத்தா?” என்றான். கண் இல்லடா, அதுக்கு மேல இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். திரும்பி நின்று குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தால் பலருக்கு அந்தப் பெரிசு குறையும் என்றும் சொல்லித் தொலைத்தேன். செய்து காட்டச் சொன்னான். அறுபத்தெட்டு வயதில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் அந்தக் கோலத்தில் நான் நிற்கும்போது எதிர்வீட்டு அம்மா காய்ந்த துணி எடுக்க வந்துவிட்டார். நிலா சுருங்கியதா என்று கவனிக்க முடியவில்லை.

கேள்வி: நிலாவில் நாமக்கல் மண் இருக்கிறதாமே, உண்மையா? (வாசகர், ராசிபுரம்)

பதில்: இங்கிருந்து எதுவும் அங்கே போகவில்லை. நிலாவின் வெளுத்த மேட்டுப்பகுதிகள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறை. உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அதே இனப் பாறை கிடைக்கிறது. அதைப் பொடியாக்கித்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்து, சந்திரயான் வண்டியை உருட்டிப் பழக்கியது. பாட்டி வடை சுடுகிற அந்தக் கறுப்புத் திட்டுகள் வேறு: எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பசால்ட். அந்த இனப் பாறை நம் தக்காணப் பீடபூமியில் இருக்கிறது.

கேள்வி: போன மாதம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். மூன்றாம் பிறை பார்த்தபோது, பிறை போக மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. முன்பு இப்படிப் பார்த்ததில்லை. லென்ஸ் சரியில்லையோ? (வாசகர், சிதம்பரம்)

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் பார்த்தது பூமியின் வெளிச்சம். அந்த நாளில் நிலாவில் நின்று பார்த்தால் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாகத் தெரியும். நம் மேகத்திலும் கடலிலும் பட்ட வெயில் அங்கே போய், நிலாவின் இருட்டுப் பக்கத்தில் பட்டு, திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. அது பூமியிலிருந்து போகும் வெளிச்சம்தான் என்று ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே லியோனார்டோ டாவின்சி எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு மங்கலான வெளிச்சம் தெரிகிறது என்றால், ஆபரேஷன் நன்றாகவே நடந்திருக்கிறது.