லினக்ஸில் ஊடக விசைகள்: கேள்வி பதில்

ஒலியைக் கூட்ட, குறைக்க, பாட்டை நிறுத்த, அடுத்ததற்குத் தாவ என்று விசைப்பலகையில் தனியாக இருக்கும் ஊடக விசைகள் லினக்ஸில் வேலை செய்யவில்லை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பதில்களுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசையை அழுத்தியதும் செய்தி முதலில் இயக்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குப் போகிறது. அங்கிருந்து டெஸ்க்டாப் சூழலுக்கு. கடைசியில் பாட்டை ஒலிக்கும் செயலிக்கு. எந்த இடத்தில் அது நின்றுபோனது என்று பார்க்காமல் தீர்வு தேடினால் நாள் முழுக்க வீணாகும். இடம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: புதிய யுஎஸ்பி விசைப்பலகை. எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. விசைகள் அனுப்புவதைத் திரையில் காட்டும் எவ்டெஸ்ட் நிரலை இயக்கி, பட்டியலில் என் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, பாட்டை இயக்கும் விசையை அழுத்தினேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. இந்தப் பலகை லினக்ஸுக்கு ஒத்துவராதா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். யுஎஸ்பி விசைப்பலகைகளில் பல, தங்களை ஒரே சாதனமாகக் காட்டிக்கொள்வதில்லை. எழுத்துகள் ஒரு சாதனத்தின் வழியே வரும். ஊடக விசைகள் இன்னொன்றின் வழியே வரும். எவ்டெஸ்ட் பட்டியலை மறுபடி பாருங்கள். அதே பெயர் இரண்டு மூன்று முறை இருக்கும். அவற்றில் ஒன்றின் வால்பகுதியில் ‘கன்ஸ்யூமர் கன்ட்ரோல்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து மீண்டும் அழுத்துங்கள்.

இப்போது வரிகள் வரும். முதலில் எம்எஸ்சி_ஸ்கேன் என்ற வரி. அதன் எதிரே சி00 என்று தொடங்கும் ஒரு மதிப்பு. அதுதான் பலகை அனுப்பிய மூல எண். அடுத்த வரியில் கர்னல் அதற்குக் கொடுத்த எண்ணும் பெயரும் இருக்கும்: இயக்கு/நிறுத்து என்றால் 164, அடுத்த பாட்டு 163, முந்தைய பாட்டு 165, ஒலியை அடைக்க 113, குறைக்க 114, கூட்ட 115. அழுத்தும்போது அந்த வரியின் கடைசியில் 1 என்றும், விரலை எடுக்கும்போது 0 என்றும் வருவதைக் கவனியுங்கள். இவ்வளவும் வந்துவிட்டால் பலகை மீதும் கர்னல் மீதும் குற்றமில்லை.

ஊடக விசைகளுக்கான எண்கள் யுஎஸ்பி தரநிலையிலேயே வரையறுக்கப்பட்டவை. அதைப் பின்பற்றும் பலகைக்குத் தனி இயக்கி எதுவும் தேவையில்லை.

கேள்வி: எனக்கு எவ்டெஸ்டில் எல்லாம் சரியாகவே வருகிறது. ஆனால் ஒலி ஏறவில்லை, பாட்டும் நிற்கவில்லை. ஸ்வே என்ற சாளர மேலாளரைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: அப்படியென்றால் செய்தி உங்கள் டெஸ்க்டாப் வரை வந்துவிட்டது, அங்கே அதைக் கேட்க ஆள் இல்லை. க்னோம், கேடிஇ போன்ற முழுமையான சூழல்களில் இந்த விசைகளைக் கவனிக்க ஒரு பின்னணி நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்வே, ஐ3 போன்றவற்றில் நீங்கள் எழுதினால்தான் உண்டு.

அமைப்புக் கோப்பில் பைண்ட்சிம் என்ற சொல்லோடு தொடங்கும் வரிகளைச் சேருங்கள். எக்ஸ்எஃப்86ஆடியோபிளே என்ற விசைக்கு, பாட்டுச் செயலிகளுக்குக் கட்டளையிடும் பிளேயர்சிடிஎல் நிரலை ‘பிளே-பாஸ்’ என்ற சொல்லோடு இயக்கச் சொல்லுங்கள். ஒலியளவுக்கு, பைப்வயர் என்ற ஒலிச் சேவை ஓடும் கணினியில் டபிள்யூபிசிடிஎல் நிரல் போதும். 5% கூட்டவும் குறைக்கவும் அதிலேயே சொல்லலாம். கூட்டும் வரியில் உச்சவரம்பு 1.0 என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் விசையை அழுத்திப் பிடிக்கும்போது ஒலி 100 விழுக்காட்டைத் தாண்டி ஏறும். காதொலிப்பான் அணிந்திருப்பவரின் காது பாடுபடும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்வேயில் பைண்ட்சிம்முக்கு அடுத்து ‘லாக்ட்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் திரை பூட்டியிருக்கும்போதும் விசைகள் வேலை செய்யும். பலர் இதை விட்டுவிட்டு, பூட்டிய திரைக்குப் பின்னால் ஓடும் பாட்டை நிறுத்த முடியாமல் தவிக்கிறார்கள்.

கேள்வி: க்னோமில் ஒலி விசைகள் சரி. ஆனால் இயக்கு/நிறுத்து விசையை அழுத்தினால் நான் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுக்குப் பதிலாக உலாவியில் எப்போதோ திறந்துவைத்த காணொளி ஓடத் தொடங்குகிறது.

பதில்: ஒலியளவு கணினி முழுமைக்கும் பொதுவானது, அதனால் குழப்பம் வராது. இயக்கு/நிறுத்து அப்படியல்ல. யாரை நிறுத்துவது என்ற கேள்வி எழுகிறது. லினக்ஸில் பாட்டுச் செயலிகள் எம்பிரிஸ் என்ற பொது ஏற்பாட்டின்படி, செயலிகள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாகத் தங்களைப் பதிவு செய்துகொள்கின்றன. உலாவிகளும் அதில் பதிவு செய்கின்றன. அங்கேதான் உங்கள் பாட்டும் அந்தக் காணொளியும் மோதுகின்றன.

உலாவி இதில் தலையிடவே வேண்டாம் என்றால், ஃபயர்ஃபாக்ஸில் அபௌட்:கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து ‘ஹார்ட்வேர்மீடியாகீஸ்’ என்று தேடி, அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். குரோமியம் வகை உலாவிகளில் ஃபிளாக்ஸ் பக்கத்தில் இதற்கு இணையான அமைப்பு இருக்கிறது. இரண்டும் வேண்டும், ஆனால் கடைசியாக ஓடியதே நிற்க வேண்டும் என்றால் பிளேயர்சிடிஎல் தொகுப்போடு வரும் பிளேயர்சிடிஎல்டி என்ற பின்னணி நிரலை ஓடவிட்டு, விசையை அதனோடு இணையுங்கள். கடைசியாக இயங்கிய செயலி எது என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

எம்பிவி என்ற ஊடகச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு எம்பிரிஸ் இணைப்பைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் விசை எவ்வளவு அழுத்தினாலும் அதற்குக் கேட்காது.

கேள்வி: மடிக்கணினியில் ஒரே ஒரு விசை மட்டும் செத்துக் கிடக்கிறது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் ‘அன்நோன் கீ பிரஸ்டு’ என்று ஒரு செய்தியும், செட்கீகோட்ஸ் பயன்படுத்து என்ற அறிவுரையும் வருகின்றன. அதைச் செய்தால் விசை உயிர்பெறுகிறது, கணினியை மறுபடி தொடங்கியதும் போய்விடுகிறது.

பதில்: உங்கள் கண்டுபிடிப்பு முழுக்கச் சரி. மடிக்கணினியின் உள்விசைப்பலகை பெரும்பாலும் பழைய பிஎஸ்/2 முறையில்தான் இணைந்திருக்கிறது. விசை ஒரு எண்ணை அனுப்புகிறது, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கர்னலுக்குத் தெரியவில்லை. செட்கீகோட்ஸ் அந்தப் பொருளைச் சொல்லித்தருகிறது. ஆனால் அது நினைவகத்தில் மட்டுமே நிற்கும்.

நிலையாக இருக்க வேண்டுமென்றால் சாதனங்களைக் கையாளும் யூடெவ் வைத்திருக்கும் வன்பொருள் தரவுத்தளத்தில், அதாவது ஹெச்டபிள்யூடிபியில், எழுதிவையுங்கள். கணினியோடு வந்த 60-கீபோர்டு கோப்பைத் திறந்து படித்துப்பாருங்கள். எத்தனையோ மடிக்கணினிகளுக்கான திருத்தங்கள் அதில் இருக்கின்றன, மாதிரிக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் அந்தக் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். ஈடிசி அடைவின் கீழ் யூடெவ், அதன் கீழ் ஹெச்டபிள்யூடிபி.டி என்ற அடைவில் 90 என்று தொடங்கும் பெயரில் உங்கள் சொந்தக் கோப்பை உருவாக்குங்கள்.

அதில் இரண்டே வரிகள் போதும். முதல் வரி எந்தச் சாதனம் என்று சொல்கிறது. மடிக்கணினியின் உள்விசைப்பலகை என்றால் தயாரிப்பாளர் பெயரும் மாதிரியின் பெயரும் அதில் வரும். யுஎஸ்பி பலகை என்றால் அதன் நான்கு இலக்கத் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் வரும். இந்த இரண்டு எண்களையும் எவ்டெஸ்ட் தன் தொடக்க வரிகளிலேயே காட்டிவிடுகிறது. இரண்டாவது வரியில் கீபோர்டு_கீ_ என்பதை அடுத்து மூல எண், பிறகு சமக்குறி, பிறகு நீங்கள் விரும்பும் விசையின் கர்னல் பெயர்.

சறுக்கும் இடங்கள் இவை. இரண்டாவது வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் அந்த வரி இருந்தும் இல்லாததுதான். முதல் வரியில் யுஎஸ்பி எண்களிலுள்ள ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் மூல எண்ணும் விசையின் பெயரும் சிறிய எழுத்தில், பெயருக்கு முன்னால் ‘கீ_’ என்ற முன்னொட்டு இல்லாமல் வர வேண்டும். சேமித்த பிறகு நிர்வாகி உரிமையுடன் சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், அடுத்து யூடெவ்அட்ம் ட்ரிகர் என்ற இரண்டு கட்டளைகளையும் இடுங்கள். எவ்டெஸ்டைத் திறந்து அதே விசையை அழுத்தினால் புதிய பெயர் வர வேண்டும். வந்ததும் அந்த இரண்டு வரிகளையும் சிஸ்டம்டி திட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். அதே மடிக்கணினியை வாங்கும் அடுத்தவருக்கு இந்தத் தொல்லையே இருக்காது. 60-கீபோர்டு கோப்பு இவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இப்படி ஒவ்வொருவரும் அனுப்பியதால்தான்.

கேள்வி: ஒலிவாங்கியை அடைக்கும் விசை எவ்டெஸ்டில் 248 என்று வருகிறது. எக்ஸ்11இல் விசைகளைச் சோதிக்கும் எக்ஸ்இவி நிரலில் மட்டும் எதுவுமே வரவில்லை. வேலேண்டுக்கு மாறினால் வேலை செய்கிறது. ஏன் இப்படி?

பதில்: திரையையும் விசைகளையும் கையாளும் பழைய ஏற்பாடு எக்ஸ்11, புதியது வேலேண்ட். எக்ஸ்11 நெறிமுறையில் விசை எண் 8 முதல் 255 வரைதான் இருக்க முடியும். கர்னல் தரும் எண்ணோடு 8 கூட்டித்தான் எக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உங்கள் விசை 248. எட்டைக் கூட்டினால் 256. ஓர் எண் தாண்டிவிட்டது, கதவு மூடிவிட்டது.

வேலேண்டில் இந்த வரம்பு இல்லை. எக்ஸ்11லேயே இருக்க வேண்டுமென்றால் முந்தைய பதிலில் சொன்ன ஹெச்டபிள்யூடிபி முறையில் அந்த விசைக்கு எஃப்20 என்று பெயர் கொடுங்கள். விசைத் தளவமைப்பைக் கவனிக்கும் எக்ஸ்கேபி அமைப்பு எஃப்20ஐ ஒலிவாங்கி அடைப்பாகவே எடுத்துக்கொள்ளும். டச்பேடை அணைக்கும் விசைக்கு எஃப்21 கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: என் மெக்கானிக்கல் விசைப்பலகையில் எஃப்5ஐ அழுத்தினால் பக்கம் புதுப்பிக்காமல் வேறெதுவோ நடக்கிறது. எஃப் விசைகள் எல்லாமே ஊடக விசைகளாகிவிட்டன. ஆப்பிள் தயாரிப்பு அல்ல, ஆனால் கணினி அதை ஆப்பிள் என்றே காட்டுகிறது.

பதில்: சில பலகைகள் தங்களை ஆப்பிள் விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. கர்னலும் நம்பி ஹிட்_ஆப்பிள் என்ற இயக்கியிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த இயக்கிக்கு எஃப்என்மோட் என்ற அமைப்பு உண்டு. மதிப்பு 1 என்றால் ஊடக விசைகள் முதலில். 2 என்றால் எஃப் விசைகள் முதலில், எஃப்என் சேர்த்து அழுத்தினால் ஊடக விசைகள். உங்களுக்கு வேண்டியது 2. மாட்யூல்களுக்கான மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பில் இதை எழுதிவைத்து, உபுண்டு, டெபியன் போன்றவற்றில் கணினி தொடங்கும்போது ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்துவிடுங்கள். பலகையின் பக்கவாட்டில் மேக், விண்டோஸ் என்று தள்ளும் சிறு சுவிட்ச் இருந்தால் முதலில் அதைத் தள்ளிப் பாருங்கள்; சில பலகைகளில் அதுவே போதும்.

கேள்வி: விசைகளின் பொருளை மாற்ற எக்ஸ்மோட்மேப் கோப்பு எழுதி வைத்திருக்கிறேன். மொழித் தளவமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

பதில்: ஆகத்தான் செய்யும். தளவமைப்பு மாறும்போது எக்ஸ்கேபி புதிதாக ஏற்றப்பட்டு, எக்ஸ்மோட்மேப் செய்ததை மேலெழுதிவிடுகிறது. வேலேண்டில் அதற்கு இடமே இல்லை. பழைய வழிகாட்டிகள் இன்னும் இதையே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான். ஒரு விசையின் பொருளை மாற்ற ஹெச்டபிள்யூடிபி. விசைச் சேர்க்கைகள், அடுக்குகள் என்று விரிவாக வேண்டுமென்றால் கீடி என்ற பின்னணி நிரல். இரண்டுமே தளவமைப்புக்குக் கீழே வேலை செய்கின்றன, அதனால் எந்த மொழிக்கு மாறினாலும் கலையாது. கீடி ஓடும்போது அது சாதனத்தைத் தன்வசம் பிடித்துக்கொள்ளும். சோதிக்கும் நேரத்தில் அதை நிறுத்திவிட்டு எவ்டெஸ்டை இயக்குங்கள்.

கேள்வி: ஒருமுறை அழுத்தினால் ஒலி இரண்டு படி ஏறுகிறது. விசை பழுதா?

பதில்: எவ்டெஸ்டில் ஓர் அழுத்தத்துக்கு ஒரு 1, ஒரு 0 மட்டும் வந்தால் விசை நலமாக இருக்கிறது, ஒரே விசையை இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பலகத்தில் உள்ள பல்ஸ்ஆடியோ செருகுநிரல் ஒலி விசைகளைக் கவனிக்கிறது. நீங்களும் குறுக்குவிசை அமைப்பில் ஒன்றை எழுதியிருப்பீர்கள். ஒன்றை நீக்குங்கள்.

கேள்வி: ஒலிக்குத் திருகுகுமிழ் உள்ள பலகை. க்னோமில் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒலி பெரிதாகத் தாவுகிறது.

பதில்: குமிழ் அனுப்புவதும் அதே 114, 115தான். க்னோமின் இயல்பான படி 6%. க்னோமின் அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸில் மீடியா-கீஸ் பகுதியில் வால்யூம்-ஸ்டெப் மதிப்பை 2 ஆக்குங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு திருகினாலும் சிறு படியாக ஏறும்.

கேள்வி: எஃப்என் விசையையே வேறு விசையாக மாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலான பலகைகளில் முடியாது. எஃப்என் பலகையின் உள்ளேயே முடிந்துவிடும் விசை. கணினிக்கு எதையும் அனுப்புவதில்லை. எவ்டெஸ்டில் ஒன்றும் வரவில்லை என்றால் அந்த முயற்சியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் கோபைலட் விசை இருக்கிறது. எனக்கு அது வேண்டாம், வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. அந்த விசை ஒரே எண்ணை அனுப்புவதில்லை. இடது மெட்டா (விண்டோஸ் விசை), இடது ஷிஃப்ட், எஃப்23 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தியதுபோல் அனுப்புகிறது. எவ்டெஸ்டில் மூன்றும் அடுத்தடுத்து வரும். டெஸ்க்டாப்பின் குறுக்குவிசை அமைப்பில் அந்தச் சேர்க்கையை அழுத்திப் பதிவு செய்யுங்கள். வலது கன்ட்ரோல் போல அழுத்திப் பிடிக்கும் விசையாக வேண்டுமென்றால் கீடியில் அந்த மூன்றையும் ஒரு சேர்க்கையாக எழுதி மாற்றலாம்.

கேள்வி: திரையே இல்லாத ஒரு சிறு கணினியைப் பாட்டுப்பெட்டியாக வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் கிடையாது. அதில் ஊடக விசைகளுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ட்ரிகர்ஹேப்பி என்ற சிறு பின்னணி நிரல் கர்னலிடமிருந்தே விசைகளை நேராகக் கேட்கிறது. எக்ஸ், வேலேண்ட் எதுவும் தேவையில்லை. அதன் ட்ரிகர்ஸ்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, ஒவ்வொரு வரியிலும் விசையின் கர்னல் பெயர், அடுத்து 1, அடுத்து இயக்க வேண்டிய கட்டளை என்று எழுதுங்கள். 1 என்பது அழுத்தும்போது. அழுத்திப் பிடித்திருக்கும்போதும் தொடர வேண்டுமென்றால் 2 என்று இன்னொரு வரி சேருங்கள், ஒலியளவுக்கு அது வசதி. அந்த நிரல் எந்தப் பயனராக இயங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒலியைக் கையாள அந்தப் பயனர் ஆடியோ குழுவில் இருக்க வேண்டும்.