அண்ணாச்சி பதில்கள்: இமயமலைக்கு மேல லோடு அடிச்சவங்க

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): அண்ணாச்சி, எங்க தாத்தா 1942ல பர்மாவுல இருந்து நடந்தே அசாம் வந்து சேந்தவரு. அங்க அமெரிக்காக்காரன் பிளேன் பாத்தேன்னு கடைசி வர சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவனுக்கு அசாம்ல என்ன சோலி?

பதில்: லோடு அடிக்கிற சோலிதான் தம்பி. ஜப்பான்காரன் பர்மாவ புடிச்சதும் சீனாவுக்கு சாமான் போற ரோடு அத்துப்போச்சு, சீனா விழுந்துட்டா அங்க மல்லுக்கட்டிக்கிட்டு கெடக்குற ஜப்பான் பட்டாளம் பூரா நம்ம பக்கம் திரும்பிருமேன்னு அமெரிக்காவுக்கு பயம், அதனால அசாம்ல டின்ஜான், சாபுவா மாதிரி ஏர்ஃபீல்டுல இருந்து மலையத் தாண்டி சீனாவுல இருக்குற குன்மிங் வரைக்கும் சுமார் 800 கிலோமீட்டரு, பெட்ரோலு குண்டு எல்லாத்தையும் பிளேன்லயே ஏத்திட்டுப் போனான். அந்த மலைக்கு பைலட்டுங்க வச்ச பேரு ஹம்ப், ஒட்டகத் திமில்னு வச்சுக்கிடுங்க. நம்ம பொதிகை உச்சியே 6 ஆயிரம் அடி சொச்சந்தான், அங்க 15 ஆயிரத்துக்கு மேல ஏறணும், பிளேன் றெக்கையில ஐஸ் கட்டும், மழக்காலத்துல காத்து பிளேன தூக்கித் தூக்கி அடிக்கும், இதுல சி-46னு ஒரு புது பிளேன சரியா ஓட்டிப் பாக்காமலே லைன்ல விட்டுட்டாங்க, அதுக்கு எஞ்சின் கோளாறு வேற. 1945 வரைக்கும் சுமார் 6.5 லட்சம் டன் போச்சு, கிட்டத்தட்ட 600 பிளேன் விழுந்துச்சு. கீழ தகடு மின்னுறத பாத்தே வழி கண்டுபிடிக்கலாம்னு அதுக்கு அலுமினியப் பாதைன்னே பேரு.

கூத்து என்னன்னா, பெட்ரோல் கொண்டு போறதுக்கே பெட்ரோல் எரிக்கணும். பி-29ங்கிற பெரிய குண்டுவீச்சு பிளேன் சீனாவுல இருந்து ஒரு தடவ குண்டு போடப் போகணும்னா அதுக்கான பெட்ரோல பல நடை அடிச்சு முதல்ல சேத்து வைக்கணும். இதெல்லாம் யாரு பேசுதா? சுட்டு வீழ்த்துன பைலட்டு பேரு எல்லாத்துக்கும் தெரியும், லோடு அடிச்சவன் பேரு வீட்டாளுக்கு மட்டுந்தான்.

1943 ஆகஸ்டுல ஒரு சி-46 எஞ்சின் நின்னு, எரிக் செவரைட்ங்கிற ரேடியோ நிருபரோட சேத்து ஆளுங்க நாகா மலையில பாராசூட்ல குதிச்சாங்க. காயம்பட்டவங்கள பாக்கணும்னு டான் ஃப்ளிக்கிங்கர்னு ஒரு மிலிட்டரி டாக்டரு வேணும்னே வேற பிளேன்ல இருந்து அங்க குதிச்சாரு பாருங்க, எனக்கு அவருதான் ஹீரோ.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): துப்பாக்கியே தொடாதவருக்கு அமெரிக்காவோட பெரிய மெடல் குடுத்தாங்களாமே, நெசமா?

பதில்: நெசந்தாம்மா. டெஸ்மண்ட் டாஸ். அட்வென்டிஸ்ட் சபைக்காரரு, கொல்ல மாட்டேன்னுட்டு மருந்துப் பையோட மட்டும் போனாரு. 1945 மே மாசம் ஒக்கினாவாவுல செங்குத்துப் பாறை மேல அடிபட்டுக் கெடந்தவங்கள ஒத்த ஆளா கயிறு கட்டி எறக்குனாரு. அவரு 50 பேரு இருக்கும்னாரு, மேலதிகாரிங்க 100ன்னாங்க, கடைசில 75ன்னு எழுதிட்டாங்க. நம்மூரு பஞ்சாயத்து மாதிரியேதான்.