அப்பா, அம்மா படத்தைப் பார்த்துப் பாம்புக் குட்டி வாங்கலாமா?

கேள்வி: பால் பைத்தான் குட்டி ஒன்று வாங்கினேன். அதன் அப்பா, அம்மா இரண்டுமே சாதாரணப் பழுப்பு. குட்டியும் பழுப்புதான். ஆனால் ரசீதில் "66% ஹெட் ஆல்பினோ" என்று எழுதி, சாதாரணக் குட்டியைப் போல இரண்டரை மடங்கு விலை வாங்கிவிட்டார் விற்றவர். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே! பழுப்புக்குப் பிறந்த பழுப்புக்கு எதற்கு இந்த விலை? ஏமாந்துவிட்டேனா?

பதில்: நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து ஏமாந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: பால் பைத்தானுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது.)

உங்கள் நூலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறப் பண்புக்கும் பாம்பிடம் இரண்டு இழை உண்டு. ஒன்று தாய் தந்தது, இன்னொன்று தந்தை தந்தது. ஆல்பினோ என்பது பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஒடுங்கு பண்பு. கருநிறமியை உண்டாக்கும் மரபணு இரண்டு இழையிலும் பழுதாக இருந்தால்தான் குட்டி மஞ்சளும் வெள்ளையுமாகச் சிவந்த கண்ணோடு பொரியும். ஒரு இழை மட்டும் பழுது என்றால், மற்ற இழையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாம்பு பழுப்பாகவே இருக்கும், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இப்படி மறைவாகச் சுமக்கும் பாம்பைத்தான் சுருக்கமாக "ஹெட்" என்கிறார்கள்.

இரண்டு ஹெட் பாம்புகளை இணைத்தால், சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று ஆல்பினோ. மற்ற மூன்றும் பழுப்பு. அந்த மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று எதையும் சுமக்காதது. எந்த இரண்டு என்று பெற்ற தாய்க்கே தெரியாது. மூன்றில் இரண்டு என்பதுதான் ரசீதில் 66% ஆகியிருக்கிறது. உங்கள் குட்டிக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆல்பினோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. அது சுமக்கிறது, அல்லது சுமக்கவில்லை. நடுவில் எதுவும் கிடையாது.

கவனிக்க வேண்டியது இனிமேல்தான். 66 என்ற எண் செல்ல வேண்டுமானால் பெற்றோர் இரண்டும் ஹெட் என்பது உறுதியாகியிருக்க வேண்டும். அதற்குப் படம் போதாது, பதிவு வேண்டும். விற்றவரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: எந்த ஜோடி, எப்போது பொரிந்தது, அந்த ஜோடிக்கு இதுவரை ஆல்பினோ பிறந்திருக்கிறதா. பிறந்திருந்தால் அதன் படத்தையும் கேளுங்கள். இந்த முறை பிறக்கவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம். ஆறு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஹெட் பெற்றோருக்கு ஒரு ஆல்பினோகூடப் பொரியாமல் போக ஏறக்குறைய 18% வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டுமே பிறந்ததில்லை, பெற்றோரின் பெற்றோர் யார் என்றும் தெரியாது என்றால், அந்த 66 வெறும் மை.

பெற்றோரில் ஒன்று ஆல்பினோவாக இருந்திருந்தால், பிறக்கும் எல்லாப் பழுப்புக் குட்டியும் நிச்சயமாக ஹெட். அதை 100% ஹெட் என்று எழுதுவார்கள். ஒன்று ஹெட், இன்னொன்று ஒன்றுமில்லாதது என்றால் 50%. விலையும் இந்த வரிசையில்தான் ஏறி இறங்க வேண்டும்.

உரித்த சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உலர்த்தி, உறையில் போட்டு வையுங்கள். பால் பைத்தானில் ஆல்பினோ உட்பட சில பண்புகளைச் சட்டையிலிருந்தே சோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் இப்போது உண்டு. சோதனையில் "இல்லை" என்று வந்தால் பணம் திரும்புமா? 66% என்று வாங்கினால் திரும்பாது. மூன்றில் ஒன்று தோற்கும் என்று தெரிந்து எடுத்த சீட்டு அது. 100% என்று எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. சொன்ன பொருளைத் தரவில்லை என்று தாராளமாகப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

இன்னொன்று. குட்டி போட வைக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்றால், ஹெட்டுக்கு ஒரு காசு கூடுதலாகக் கொடுத்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழை கூண்டில் அழகு காட்டாது.

கேள்வி: பளீரென்ற மஞ்சளில் ஒரு ஜோடி பாஸ்டல் பால் பைத்தான் படம் காட்டி, அதன் குட்டி என்று விற்றார்கள். இரண்டு வருடத்தில் மங்கிப் பழுப்படித்துவிட்டது. வேறு குட்டியைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

பதில்: பாஸ்டல் ஆல்பினோ மாதிரி ஒளிந்துகொள்ளும் பண்பு இல்லை. ஒரு இழை இருந்தாலே வெளியே தெரியும், இரண்டு இழை இருந்தால் இன்னும் வெளுத்து "சூப்பர் பாஸ்டல்" ஆகும். ஒற்றை இழைப் பாஸ்டல்கள் இரண்டை இணைத்தால் நான்கில் ஒன்று சூப்பர், இரண்டு பாஸ்டல், ஒன்று வெறும் சாதாரணம். அதனால் உங்களுக்கு வந்தது அந்தக் கடைசிக் குட்டியாகவும் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் கையில் எடுத்துப் பாருங்கள். பாஸ்டலுக்குக் கண்ணில் பச்சை சாயல் இருக்கும், தலை உச்சியில் வெளிறிய பூச்சு தெரியும். இரண்டும் இருந்தால் குட்டி சரியானதுதான், வயதானதால் மங்கியிருக்கிறது. பாஸ்டல்கள் வளர வளரப் பழுப்படிப்பது சகஜம்.

இங்கேதான் பெற்றோரின் தோற்றம் உண்மையிலேயே உதவும். குட்டிக்கு எந்தப் பண்பு வந்திருக்கிறது என்பதைப் பெற்றோரின் படம் சொல்லாது. ஆனால் அந்தப் பண்பு எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு வளர்ந்த பெற்றோர்தான் நல்ல சாட்சி. நான்கு வயதிலும் மஞ்சள் மங்காத ஜோடியின் குட்டிகள் சராசரியாக நன்றாகவே நிற்கும். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இணைத்துத்தான் கார்ன் ஸ்நேக்கில் கறுப்புக் கரை தடித்த ஓகீட்டீ வகையை மெருகேற்றியிருக்கிறார்கள். ஆகவே பெற்றோரின் குட்டிக்காலப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பயனில்லை. இப்போதைய படம் வேண்டும், அதுவும் விளக்குப் போடாமல் எடுத்தது. சட்டை உரித்த மறுநாள் எந்தப் பாம்பும் ராஜாதான், உரிக்கப் போகும் வாரத்தில் அதே பாம்பு சாம்பல் பூசியதுபோல இருக்கும். விற்பவர்கள் எந்த நாளில் கேமராவை எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பச்சை மரப் பைத்தானில் நிலைமை இன்னும் வேடிக்கை. பச்சைப் பெற்றோரின் ஒரே தடவை முட்டைகளிலிருந்து மஞ்சள் குட்டியும் செங்கல் நிறக் குட்டியும் சேர்ந்தே பொரியலாம். வளர்ந்தபின் பெரும்பாலும் பச்சை. செங்கல் நிறத்துக்கு மயங்கி வாங்கிவிட்டு, பச்சையானதும் புகார் எழுதாதீர்கள்.

கேள்வி: "அம்மா இதுதான், அப்பா இந்த இரண்டில் ஒன்று" என்கிறார் விற்பவர். இப்படியும் உண்டா?

பதில்: உண்டு. பெண் பாம்பு விந்தைப் பல மாதங்கள் உடம்பில் சேமித்து வைத்திருக்கும். ஒரே பருவத்தில் இரண்டு ஆணோடு விட்டிருந்தால் தந்தை யாரென்று அடித்துச் சொல்ல முடியாது. இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஹெட் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆல்பினோ போவாக்களை நல்ல விலை கொடுத்து வாங்கி இணைத்தேன். பிறந்த குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறம்! இரண்டில் ஒன்று போலியா?

பதில்: இரண்டும் அசலாக இருந்தாலே இப்படி நடக்கும். போவாவில் கால், ஷார்ப் என்று இரண்டு ஆல்பினோ வழிகள் புழக்கத்தில் உள்ளன. (கால் என்பது வளர்த்தவரின் பெயர். பாம்பின் கால் பாம்பறியும் என்று ஆரம்பித்துவிட வேண்டாம்.) பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் இரண்டிலும் பழுதான மரபணு வேறு வேறு. கால் ஆல்பினோவின் குறையை ஷார்ப் தந்த நல்ல இழை சரிக்கட்டும், ஷார்ப்பின் குறையைக் கால் சரிக்கட்டும். குட்டிகள் எல்லாம் சாதாரணம், ஆனால் இரண்டையுமே சுமக்கும். அப்படி எழுதித்தான் அவற்றை விற்க வேண்டும். "ஹெட் ஆல்பினோ" என்று மொட்டையாக எழுதினால், இன்று உங்களுக்கு நடந்தது நாளை வாங்குபவருக்கு நடக்கும். ரசீதில் எந்த வழி என்று இல்லாத ஆல்பினோ போவாவை இணைப்பதற்காக வாங்கவே வேண்டாம்.

தலைகீழாகவும் நடக்கும். பால் பைத்தானில் மொஜாவே, லெஸ்ஸர் என்ற இரண்டு நிற வகைகளும் பழுப்புச் சாயலுள்ளவைதான். ஆனால் இவை ஒரே மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள். இரண்டையும் இணைத்தால் நான்கில் ஒரு குட்டி நீலக் கண்ணோடு வெள்ளைவெளேரென்று பொரியும்.

கேள்வி: ஸ்பைடர் பால் பைத்தான் வாங்கப் போகிறேன். அம்மா பாம்பு தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டே இருந்தது. "அது அதன் ஸ்டைல்" என்கிறார்.

பதில்: ஸ்டைல் இல்லை, குறைபாடு. ஸ்பைடர் கோலத்தைத் தரும் அதே மரபணுவோடு ஒட்டி வருவது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்காதின் அமைப்பே மாறியிருப்பது தெரிந்திருக்கிறது, சமநிலை தடுமாறுவது அதனால்தான். சிலதில் லேசான சாய்வோடு நிற்கும். சிலது திருகித் திருகி மல்லாந்துவிடும், இரையைக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் திணறும். தாய்க்கு லேசாக இருப்பதால் குட்டிக்கும் லேசாகவே இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கோலம் வந்தால் குறையும் கூடவே வரும். நல்ல ஸ்பைடரைப் பார்த்துப் பொறுக்கிவிடலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். என்னைக் கேட்டால் விட்டுவிட்டு வேறு கோலம் பாருங்கள். முன்பணம் கொடுத்திருந்தால், குறையைச் சொல்லாமல் விற்கப் பார்த்தார் என்று எழுதித் திருப்பிக் கேளுங்கள். "ஸ்டைல்" என்று அவர் அனுப்பிய செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.