மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஹரால்ட் லார்வுட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1932-33-ல் ஆஸ்திரேலியாவில் பேட்ஸ்மேன்களின் உடம்பைக் குறிவைத்து இங்கிலாந்து பந்து போட்ட பாடிலைன் தொடர் என்றாலே, ஆஸ்திரேலியாவின் பிராட்மனையும் இங்கிலாந்து கேப்டன் ஜார்டினையும்தான் பேசுவார்கள். பந்து போட்டவரைப் பற்றி நீங்கள் எழுதியது பிடித்திருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். அப்படிப் பந்து போட்டதற்கு 1934-ல் மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது கேட்டுத் தொலைத்திருந்தால், இன்னும் நான்கைந்து வருடம் இங்கிலாந்துக்கு ஆடியிருப்பாரே? 29 வயதில் வீம்பு பிடித்து வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவரை நாம் பாராட்ட வேண்டுமா? இன்னொன்று, இன்றைய மார்க் வுட், ஆர்ச்சரோடு ஒப்பிட்டால் அவர் வேகம் எவ்வளவு இருக்கும்? இங்கிலாந்து பேட்ஸ்மேன் வாலி ஹேமண்ட் பற்றியும் எழுதுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேகக் கணக்கை விட்டுவிடுவோம். தொண்ணூறு வருடத்துக்கு முந்திய பந்துக்கு இன்று மைல் கணக்குச் சொல்பவர்கள் ஜோசியம்தான் சொல்கிறார்கள். 1930-ல் ஒரே தொடரில் 974 ரன் குவித்த பிராட்மன், 1932-33 தொடரில் சராசரி 56.57-க்கு இறங்கினார். லார்வுட்டுக்கு 33 விக்கெட். இது போதும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 'கேட்டுத் தொலைத்திருந்தால்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! யார், யாரிடம், எதற்காகக் கேட்பது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? லெக் சைடில் ஆட்களைக் குவித்து உடம்பைக் குறிவைத்துப் போடும் திட்டம் கேப்டன் டக்ளஸ் ஜார்டினுடையது. அந்த அணியை அனுப்பியது, அன்று இங்கிலாந்து கிரிக்கெட்டை நடத்திய எம்.சி.சி. அடிலெய்டு டெஸ்டில் ஆஸ்திரேலிய கேப்டன் வுட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடிபட்டு, ஆஸ்திரேலிய வாரியம் கோபமாகத் தந்தி அடித்தபோது, எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று விறைப்பாகப் பதில் அனுப்பியதும் எம்.சி.சி.தான். அடுத்த வருடம் ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்துக்கு வரவேண்டிய நேரம் வந்ததும் யாராவது ஒருவர் தலைகுனிய வேண்டியிருந்தது. நாட்டிங்காம்ஷயர் கவுன்டித் தலைவர் சர் ஜூலியன் கான் மூலம் லார்வுட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கேப்டன் சொன்னபடிதான் போட்டேன், எதற்கு மன்னிப்பு என்றார் அவர். அதன்பிறகு இங்கிலாந்துக்கு அவர் ஒரு பந்துகூடப் போடவில்லை. 21 டெஸ்ட், 78 விக்கெட்டோடு கதை முடிந்தது.

ஜார்டினை மன்னிப்புக் கேட்கச் சொன்னது யார்? யாரும் இல்லை. அவர் 1933-34-ல் கேப்டனாகவே இந்தியாவுக்கு வந்து போனார். சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டில் டாஸ் போடப் போனவரே அவர்தான். அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடப்போவதில்லை என்று அவராகவே சொல்லிவிட்டு ஒதுங்கினார். அதிகாரம் இருக்கிறவன் விலகுவான், இல்லாதவனை விலக்குவார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்து கிரிக்கெட்டில் சாதி இருந்தது என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர்களுக்கு ஒரு டிரெஸ்ஸிங் ரூம், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று. பல மைதானங்களில் உள்ளே இறங்கும் வாசல்கூட வேறு. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், மற்றவனுக்குப் பின்னால். 1962 வரை இந்த ஏற்பாடு நடந்தது. அதே பாடிலைன் தொடரில் கப்பி ஆலன் அப்படிப் பந்து போட மறுத்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாளில் இங்கிலாந்துக்கே கேப்டனானார். ஆலன் அமெச்சூர். லார்வுட் நன்கார்கேட் என்ற சுரங்கக் கிராமத்துக்காரர், பதினாலு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் குதிரைகளோடு வேலை பார்த்தவர். அவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவர் ஒன்றும் அப்பாவி இல்லை, விரும்பித்தான் போட்டார். அதற்காக அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் திட்டுவதானால் வரிசையில் முதலாவதாக நிற்பவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

என் பெரியப்பா ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தார். ஒரு மெஷினில் கோளாறு இருக்கிறது, நிறுத்திப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியும், ஆர்டர் முடியட்டும், ஓட்டு என்றார் மேலே இருந்தவர். அன்று இரவு ஷிஃப்டில் ஒரு பையனுக்கு விரல் போனது. மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னது பெரியப்பாவிடம். எழுதிக் கொடுத்தார். வீட்டில் நான்கு பெண்கள், அவர் வேறென்ன செய்வார்? வேலை தங்கியது. ஓட்டச் சொன்னவர் அடுத்த வருடம் மேனேஜர் ஆனார். அதன்பிறகு பெரியப்பா பேங்க் சலானில் கையெழுத்துப் போடுவதற்குக்கூட மூன்று முறை படிப்பார். கவுன்டரில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், எனக்கே எரிச்சலாக இருக்கும். கையெழுத்துப் போட்டவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போடாமல் நின்ற ஒருவரைப் பார்த்து, நீங்கள் வீம்பு பிடித்தவர் என்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டார் என்பதும் அரைகுறைப் பேச்சு. சிட்னியில் அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில் 98 ரன் அடித்தவரை, பிறகு பந்து போடும்போது பாதத்தில் எலும்பு முறிந்தும், பிராட்மன் அவுட் ஆகும்வரை மைதானத்தை விட்டுப் போக ஜார்டின் விடவில்லை. அந்தக் கால் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லும் நான்கைந்து வருடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். 1938 வரை கவுன்டி ஆடினார், முதல்தரப் போட்டிகளில் 1,427 விக்கெட் சேர்ந்தது. அப்புறம் பிளாக்பூலில் ஒரு மிட்டாய்க் கடை. 1950-ல் மனைவி, ஐந்து மகள்களோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோனார். வழிசெய்தவர்களில் ஒருவர் அவர் பந்தை எதிர்கொண்ட ஜாக் ஃபிங்கிள்டன். அடிலெய்டில் அவர் பந்தில் மண்டை உடைந்த ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ஓல்டுஃபீல்டும் நண்பரானார். அடி வாங்கியவர்களுக்கு இருந்த தெளிவு லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரவில்லை. பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது 1993-ல். அப்போது அவருக்கு 88 வயது.

ஹேமண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சம்பளத்துக்கு ஆடிய அவர் ஒரு டயர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அமெச்சூராக மாறினார். அதே 1938-ல் இங்கிலாந்து கேப்டன் பதவியும் வந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் அவரையும் புத்திசாலி என்று பாராட்டி எனக்கு ஒரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.