கமிட் மெசேஜில் அறிவிப்பு எழுதலாமா?

கேள்வி: எங்கள் டீமில் ஆறு பேர், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். போன வாரம் ஆர்டர் டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்த்தேன். புல் எடுத்ததும் (புதுக் கோடை இறக்கியதும்) மைக்ரேஷன் (டேட்டாபேஸை அதற்கேற்ப மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்டுங்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியும் யாரும் பார்க்கவில்லை, இரண்டு பேருக்கு அரை நாள் வீண். இனிமேல் கமிட் மெசேஜிலேயே (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் குறிப்பு) எழுதிவிடட்டுமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக எழுதுங்கள். குரூப்பில் போட்டது சாயங்காலத்துக்குள் மேலே போய்விடும், அடுத்த வருடம் டீமில் சேருகிறவர் கண்ணில் அது படவே படாது. கமிட் மெசேஜ் கோடோடு சேர்ந்தே போகும்.

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் இது அன்றாட வழக்கம். 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியதே கெர்னல் வேலைக்காகத்தான். அங்கே ஒரு திருத்தம் பழைய வெர்ஷன்களுக்கும் போக வேண்டும் என்றால், மெசேஜின் அடியில் அந்த வெர்ஷன்களைப் பராமரிக்கும் ஸ்டேபிள் குழுவின் மெயில் முகவரியை 'சிசி' என்று ஒரு வரியாகச் சேர்ப்பார்கள். எந்தக் கமிட்டால் பிழை வந்ததோ அதன் ஹாஷில் (கமிட்டின் அடையாளக் குறியீடு) முதல் 12 எழுத்தை 'ஃபிக்ஸஸ்' வரியில் போடுவார்கள். யாருக்குச் செய்தி போக வேண்டுமோ அவர்கள் தேடிப் பிடிக்கிற மாதிரி வார்த்தை மாறாமல் இருக்கிறது பாருங்கள், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். உங்களுடையது இப்படி இருக்கலாம்:

ஆர்டர் டேபிளில் டெலிவரி தேதி சேர்ப்பு

கவனிக்க: புல் எடுத்ததும் மைக்ரேஷன் ஓட்டவும். ஓட்டாவிட்டால் பில் பக்கம் திறக்காது.

நடுவில் இருக்கிற காலி வரியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கிட் இரண்டையும் ஒட்டி ஒரே தலைப்பாகக் காட்டும்.

ஆனால் எழுதினால் மட்டும் போதாது. புல் எடுக்கும்போது எந்த ஃபைல் மாறியது, எத்தனை வரி என்றுதான் திரையில் ஓடும், மெசேஜ் வராது. அதனால் ஒரு போஸ்ட்-மெர்ஜ் ஹூக் (மெர்ஜ் முடிந்ததும், அதாவது புது மாற்றங்கள் உங்கள் கோடோடு சேர்ந்ததும், கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) வையுங்கள்: புதிதாக வந்த கமிட்டுகளில் 'கவனிக்க' என்று இருப்பதை மட்டும் கிட் லாகின் (கமிட்டுகளின் பட்டியல்) கிரெப் என்ற தேடல் வசதியால் எடுத்துத் திரையில் காட்டினால் போதும், நான்கைந்து வரி ஸ்கிரிப்ட்தான். ஹூக்குகள் குளோனோடு (ரெப்போவை, அதாவது கோடு இருக்கும் கிடங்கை, நகலெடுப்பது) வராது என்பதால் அதை ரெப்போவுக்குள் ஒரு ஃபோல்டரில் வைத்து, ஹூக்ஸ்-பாத் செட்டிங்கை ஒவ்வொருவரும் ஒருமுறை அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மெர்ஜில் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இருவர் வேறுவேறாக மாற்றிய மோதல்) வந்தால் இந்த ஹூக் ஓடாது, அன்றைக்கு லாகைத் தாங்களே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்குவாஷ் செய்கிற (பல கமிட்டுகளை ஒன்றாக்குகிற) டீம் என்றால், கடைசியில் மிஞ்சுகிற மெசேஜில் அந்த வரி இருக்கிறதா என்று மெர்ஜ் செய்யும் முன்பே பாருங்கள்.

அப்புறம், பாஸ்வேர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். என் பழைய டீமில் ஒருவர் எல்லாருக்கும் உதவட்டுமே என்று டெஸ்ட் சர்வர் பாஸ்வேர்டைக் கமிட் மெசேஜில் போட்டு புஷ் செய்துவிட்டார் (பொது ரெப்போவுக்கு அனுப்பிவிட்டார்). அதற்குள் பலர் புல் எடுத்திருந்தார்கள், பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, போன வாரக் கமிட்டுக்கு என்ன செய்வது? அமெண்ட் செய்யாதீர்கள் (பழைய கமிட்டையே திருத்தாதீர்கள்), ஹாஷ் மாறி மற்ற ஐந்து பேருக்கும் தலைவலி. அலௌ-எம்ப்டி என்ற ஆப்ஷன் போட்டு, ஃபைல் எதுவும் மாறாத ஒரு காலி கமிட் செய்து, அந்தக் 'கவனிக்க' வரியை அதில் எழுதி இன்றைக்கே புஷ் செய்துவிடுங்கள்.