நீக்கப்பட்ட நிர்வாக இயக்குநரின் புகாரை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

சிரம்பானில் ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உங்கள் அண்ணனைக் காரணம் காட்டாமல் நீக்கிவிட்டு, "இயக்குநர் தொழிலாளி அல்லர், தொழிலியல் நீதிமன்றம் உங்களுக்கு இல்லை" என்று கைவிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுவனத்தின் வாய்ச்சொல்லை நம்பி நாள்களைக் கடத்திவிட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

நான் பகாவ் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கிராணியாக இருந்தவன். என் மைத்துனருக்கும் இதே நிலை வந்தது. பால்மரம் சீவிய காலந்தொட்டே எங்கள் ஊரில் எந்த வேலைத் தகராறு என்றாலும் "லேபர் ஆபீஸுக்குப் போ" என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் வழி. அவரும் அந்தத் தொழிலாளர் இலாகாவுக்குத்தான் போனார். சம்பளப் பாக்கிக்கு அது சரியான இடம். ஆனால் பறிபோன வேலையை மீட்டுத் தரும் அதிகாரம் தொழிலாளர் இலாகாவுக்குக் கிடையாது என்பது புரிவதற்குள் 41 நாள்கள் ஓடிவிட்டன.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர் 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இந்தக் கெடுவை நீட்டிக்க இடமில்லை. அங்கே சமரசம் ஏற்படாவிட்டால், 2021 ஜனவரி முதல், அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் அந்த இலாகாவின் தலைமை இயக்குநரே விவகாரத்தைத் தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்புகிறார்.

அடுத்தது, அண்ணன் 'தொழிலாளி'யா என்பது. அச்சட்டம் சொல்லும் தொழிலாளி, செம்பனைக் குலை வெட்டுபவர் மட்டுமல்லர். வேலை ஒப்பந்தத்தின் கீழ் ஊதியத்திற்கு வேலை செய்யும் எவரும் அதில் அடங்குவர், சம்பள உச்சவரம்பும் இல்லை. 1985இல் இஞ்ச்கேப் மலேசியா வழக்கில், நிறுவனத்தை இயக்கும் மனமாகவே, அதாவது அதன் முடிவுகளைத் தாமே எடுப்பவராக, இருந்த இயக்குநர் தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். நிறுவனங்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் 1997இல் கொஜாசா ஹோல்டிங்ஸ் வழக்கில், ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதைச் சாட்சியங்களைப் பார்த்துத் தொழிலியல் நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்று கூறப்பட்டது. ஆகவே பெயர்ப்பலகையில் உள்ள பதவியைவிட அவர் அன்றாடம் செய்த வேலையே எடைபோடப்படும். யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டார், விடுப்புக்கு யாரிடம் எழுதிக் கொடுத்தார், ஊழியர் சேமநிதி கழிக்கப்பட்டதா, காசோலையில் தனியாகக் கையெழுத்திட முடிந்ததா என்பவற்றுக்கான தாள்களை இப்போதே திரட்டுங்கள். என் மைத்துனரிடம் நியமனக் கடிதமும், தலைவரிடம் விடுப்பு கேட்ட கடிதங்களும் இருந்தன. வழக்கின் பாதி பலம் அவற்றில்தான் இருந்தது.

இயக்குநர் பதவியிலிருந்து பங்குதாரர்கள் வாக்களித்து நீக்குவது 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தைச் சேர்ந்த வேறு விவகாரம். அண்ணனுக்குப் பங்குகளும் இருந்து, அவரை நசுக்கவே இது நடந்திருந்தால், அதே சட்டத்தின் 346ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஒப்பந்த மீறலுக்கும் உயர் நீதிமன்றம் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் முன்னறிவிப்புக் காலச் சம்பளத்திற்கு மேல் கிடைப்பதில்லை. தொழிலியல் நீதிமன்றமோ மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லலாம், அல்லது அதற்கு ஈடான இழப்பீட்டுடன் 24 மாதங்கள் வரையிலான பின்சம்பளத்தையும் (நீக்கத்துக்குப் பின் இழந்த சம்பளத்தையும்) வழங்கலாம்.

என் மைத்துனர் 52ஆம் நாள் மனு கொடுத்தார். உங்கள் அண்ணனின் நீக்கக் கடிதத்தில் உள்ள தேதியை இன்றே பாருங்கள்.